குடை பிடித்தவன் நின்ற இடம்

போன கிழமை நோர்வூட்டில் நான் வேலை செய்த கராஜ் பக்கம் போயிருந்தேன். இப்போது அங்கே, கயிறு சுற்றிப் புதைந்த வண்டிகளை இழுக்கும் வின்ச் லொறியைப் பார்த்துக்கொள்ளும் ஜெகன் கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினான்.

“அண்ணே, இதப் பாருங்க. செம இழுவை.”

எங்கேயோ மலைப்பக்கம் மண் சரிந்த இடம். முக்கால்வாசி சேற்றில் புதைந்த பெக்கோ ஒன்றைக் கம்பிக்கயிறு கட்டி இழுக்கிறார்கள். மண் தோண்டும் பெரிய இயந்திரத்தை எங்கள் பக்கம் பெக்கோ என்றுதான் சொல்வோம். கயிறு விறைக்கிறது, சேறு கொப்பளிக்கிறது, பெக்கோ மெல்ல எழுகிறது. சுற்றி நிற்கிறவர்கள் விசில் அடிக்கிறார்கள்.

நான் பெக்கோவைப் பார்க்கவில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குள்ளே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். குடைக்கு வெளியே ஒருவன் நனைந்துகொண்டு காம்பைப் பிடித்திருக்கிறான்.

“நிப்பாட்டு இத” என்றேன்.

“ஏண்ணே, நல்லாத்தானே வந்துருச்சு?”

“வந்துருச்சு. கயிறு அறுந்திருந்தா இதே படத்த விசிலடிச்சுப் பாப்பியா?”

ஜெகன் படத்தை நிறுத்தினான். “முனியாண்டி அண்ணன நெனைச்சுட்டீங்க” என்றான். பிறகு, “வாயில சொல்லாதீங்க, எழுதிக் குடுங்க. நீங்க சொல்றது டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு மறந்துருது” என்றான்.

அதனால் எழுதுகிறேன். ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாம் என்று வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒற்றை அறைகள் கட்டிய லயத்தில் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டினார். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. நோர்வூட் டவுனில் ஹாஜியார் வைத்திருந்த கராஜில் லொறி கழுவச் சேர்ந்தேன். சாமான் சுற்றி வரும் பழைய பேப்பர்களை எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் என் படிப்பு. கழுவுகிற வேலையிலிருந்து கிரீஸ் வேலைக்கும், அதிலிருந்து வின்ச் லொறிக்கும் வந்தேன். அதற்குள் மீசை வந்து, கல்யாணமாகி, மீசையில் வெள்ளையும் வந்துவிட்டது.

ஹாஜியார் என்று ஊரே கூப்பிட்டதால் அவர் சொந்தப் பெயர் பல பேருக்குத் தெரியாது. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, காலில் மட்டும் முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சேற்றில் புதைந்த வண்டிக்குப் பக்கத்தில் போய் முதலில் சும்மா நிற்பார். சொந்தக்காரன் பதறிக்கொண்டு, “இழுங்க ஹாஜியார், இழுங்க” என்பான். “ஈக்கட்டும். இது எங்கயும் ஓடிப் போறல்ல” என்பார். ‘இருக்கட்டும்’ அவர் வாயில் ‘ஈக்கட்டும்’ என்றுதான் வரும்.

இழுப்பதுதான் கடைசி வேலை என்பதை அவரிடம்தான் கற்றேன். சேறு பாரத்தால் பிடிப்பதில்லை. உறிஞ்சிப் பிடிக்கிறது. பசைச் சேற்றில் காலை விட்டுப் பாருங்கள், செருப்பை விட்டுவிட்டுத்தான் கால் வரும். அதனால் முதலில் சக்கரத்துக்கும், பெக்கோ உருளுகிற சங்கிலிக்கும் முன்னால் வழி வெட்ட வேண்டும். பிறகு வயிற்றுக்கு அடியில் கம்பியை விட்டுக் குடைந்து காற்றும் தண்ணீரும் போக விட வேண்டும். ‘பொளக்’ என்று ஒரு சத்தம் வரும். ஹாஜியார் காதைச் சாய்த்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருப்பார். அதன் பிறகு கட்டைகளை அடியில் செருகுவோம். வின்ச் லொறியின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுப்போம். பிடிமானத்துக்கு நல்ல மரம் இருந்தால் அகலமான பட்டை போட்டு அதில் கப்பியை மாட்டுவோம். கயிற்றைக் கப்பியில் கொடுத்துத் திருப்பினால் லொறி மேட்டில் நிற்கலாம், இழுவையும் நாம் நினைத்த பக்கம் போகும். மரம் இல்லையென்றால் பள்ளம் வெட்டி ஒரு பெரிய மரத்துண்டைப் புதைத்து, அதை மரமாக்கிக்கொள்வோம்.

எல்லாம் முடிந்ததும் லொறிப் பெட்டியிலிருந்து கம்பளி எடுப்போம். முன்பு மழைக்குக் கொழுந்துப் பெண்கள் தலையில் போட்டுக்கொள்வார்களே, அந்தக் கறுப்புக் கம்பளி. அதைத் தண்ணீரில் நனைத்துக் கயிற்றின் நடுவில் தொங்கப் போடுவோம். கயிறு அறுந்தால் கம்பளியின் பாரம் அதைக் கீழே அமுக்கும், ஆளைத் தேடிப் பறக்க விடாது. அப்படியும் முழுதாக நம்ப முடியாது. அதனால் கயிறு எவ்வளவு நீளமோ அதைவிடத் தள்ளித்தான் ஆட்கள் நிற்க வேண்டும். கப்பியில் கயிறு மடங்கும் இடத்துக்கு உள்பக்கம் இருக்கிறதே, அங்கே ஒருவரும் நிற்கவே கூடாது. கப்பியோ பட்டையோ விட்டுப் போனால் மொத்தக் கயிறும் அங்கேதான் வந்து அடிக்கும்.

இந்த விஷயத்தில் ஹாஜியார் யாருக்கும் இளகியதில்லை. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்துக்குள் ரோட்டுப் போடும் ரோலர் இறங்கிப் புதைந்துவிட்டது. ரோலர்காரர் பியசேன அய்யா சீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். தான் இறங்கிய பிறகு வண்டிக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும் என்று பயம். ஹாஜியார் வின்சை நிறுத்திவிட்டு, ரோலரைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்தார். பிளேன் டீ கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் பியசேன அய்யாவைத் திட்டினார்கள். ஹாஜியார் டீயை ஊதிக் குடித்தார். இரண்டாவது டீ வந்தபோது ஒரு கோப்பையை ரோலர் பக்கமாக நீட்டிக் காட்டினார். எட்டாத தூரம். பியசேன அய்யா டீக்காக இறங்கி வந்தார். அவர் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்னிடம் “இப்ப சுத்து” என்றார் ஹாஜியார்.

பியசேன அய்யா அதற்குப் பிறகு எங்களைக் கண்ட இடமெல்லாம், “ஒரு டீயால என்னைக் கவிழ்த்த மனுசன்” என்று சிரிப்பார். அந்த வேலையை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வரும். இனிச் சொல்லப்போகிற வேலையில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நோர்வூட்டிலிருந்து ஏறிப் போகிற ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பங்களாவுக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் படகு விட ஒரு குளம் வேண்டுமாம். லயத்துக்குப் போகிற பாதை மண் சரிந்து மாதக்கணக்கில் கிடந்தது, அதை அள்ள பெக்கோ வரவில்லை. குளத்துக்கு வந்தது. ஓடைப் பள்ளத்துச் சேறு பெக்கோவைக் கதவு வரைக்கும் விழுங்கிவிட்டது. குளத்தைத் திறக்க விருந்தாளிகள் வரும் நாளும் நெருங்கிவிட்டது.

எங்களைக் கூப்பிட்டார்கள். காற்றோடு சாய்ந்தடிக்கிற மழை. நாங்கள் வழி வெட்டி, கட்டை செருகி, கரையில் நின்ற பெரிய யூக்கலிப்டஸ் மரத்தில் கப்பி மாட்டி, கம்பளியையும் போட்டுவிட்டோம். தோட்டத்து ஆட்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டேன். அப்போது துரை வந்தார்.

துரை வந்தால் குடையும் வரும். அது தோட்டத்து வழக்கம். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. மழை விழுந்தால் ஒருவன் ஓடிப் போய்ப் பிடிப்பான். துரை நடந்தால் நடப்பான், நின்றால் நிற்பான். அன்று பிடித்தவன் முனியாண்டி. கவ்வாத்து வேலையில் கெட்டிக்காரன், வாய்த் துடுக்குக்காரன். எனக்கு நன்றாகத் தெரிந்தவன்.

துரை நேராக வந்து கயிறு மடங்கும் இடத்துக்கு உள்பக்கம், வரப்பில் ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்தால் பெக்கோ நன்றாகத் தெரியும்.

“சார், அந்த எடம் வேணாம். மேல போயிருங்க” என்றேன்.

“நீ உன் வேலையப் பாரு.”

ஹாஜியார் வின்சை நிறுத்தினார். கீழே இறங்கி வந்து, “சார், ரெண்டு மனிசர் உள்ளுக்கு ஈக்கிறாங்க. இது சுத்தாது” என்றார். வழக்கம்போலக் கல்லில் உட்கார்ந்தார்.

துரை ஹாஜியாரோடு பேசவில்லை. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைக் கூப்பிட்டார். தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்டோரில் கிடந்த பழைய கம்பியையும் எடுத்து வரச் சொன்னார். அந்தக் காலத்தில் மலை உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்கை வழுக்கி இறக்கக் கட்டியிருந்த கம்பி அது. துருவேறி, இழைகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே மரத்தில் அந்தக் கம்பியைச் சுற்றி, ஒரு முனையைப் பெக்கோவிலும் மறுமுனையை டிராக்டரிலும் மாட்டினார்கள். கம்பளி சேற்றில் கிடந்தது.

ஹாஜியார் டிராக்டர்காரனிடம் போனார். “தம்பி, இந்தக் கம்பி நாறிப் போய் ஈக்கி.”

“தெரியும் ஹாஜியார். நாளைக்கும் பெரட்டுக்குப் போகணுமே” என்றான் அவன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில், துரை பேச்சைத் தட்டியவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நான் முனியாண்டியைப் பார்த்துக் கத்தினேன். “டேய் முனியாண்டி, இங்கிட்டு வந்துரு.” அவன் என்னைப் பார்த்தான். துரையைப் பார்த்தான். கண்ணால் குடையைக் காட்டினான். அவ்வளவுதான். நான் வரப்பில் கால் வைப்பதற்குள் டிராக்டர் இழுத்துவிட்டது.

மழை கம்பி இருந்த பக்கத்திலிருந்து சாய்ந்தடித்தது. குடை பிடிக்கிறவன் சாரல் வருகிற பக்கம்தானே நிற்பான். அதனால் கம்பிக்கும் துரைக்கும் நடுவில் முனியாண்டி நின்றான். கம்பி அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. புல் தலை சாய்ந்தது மட்டும் தெரிந்தது. முனியாண்டி சேற்றில் உட்கார்ந்திருந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

துரைக்கு ஒரு கீறல் இல்லை.

அடுத்து நடந்ததை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முனியாண்டி விழுந்த பிறகும் குடையை விடவில்லை. கை மேலேயே இருந்தது. கண்டாக்கையா ஓடி வந்தார். வந்து குனிந்து, அவன் கையிலிருந்து குடையை வாங்கி, துரைக்குப் பிடித்தார். முதலில் நடந்தது அதுதான். அதன் பிறகுதான் நாங்கள் போய் அவனைத் தூக்கினோம். துரையின் ஜீப் மேட்டில் நின்றது. அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. வின்ச் லொறியில், நனைந்த கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “செருப்பு அங்கயே கெடக்குண்ணே” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

காலை எடுத்துவிட்டார்கள்.

தோட்டத்தில் அடுத்த பேச்சு வேகமாகக் கிளம்பியது. தொழிலாளியின் கவனயீனம். நிற்கக் கூடாத இடத்தில் நின்றான், அடிபட்டான். கவனயீனம் என்று முடிவானால் தோட்டத்துப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டிவிடலாம். அவன் மனைவி சரஸ்வதி நெஞ்சு வருத்தத்தால் கொழுந்துக்குப் போவதை எப்போதோ விட்டவள். பிள்ளைகள் சின்னவர்கள். தோட்டத்தில் பேர் இருக்கிற ஆள் ஒருவராவது இருந்தால்தான் லயத்தில் காம்பரா. பேர் போனால் அந்த ஒற்றை அறையும் போகும்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு ஐயா வந்தார். சரஸ்வதி ஆபீசுக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தாள். “காலு போனதுக்கு அழுதுட்டேண்ணே. காம்பரா போனா ஒக்காந்து அழ எடமில்ல” என்றாள். நானும் ஹாஜியாரும் உள்ளே போனோம்.

“அங்கே நிற்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களா?” என்று கேட்டார் ஐயா.

“சொன்னேங்க. துரைக்கும் சொன்னேன், அவனுக்கும் சொன்னேன்.”

“முனியாண்டிக்குக் கேட்டதா?”

“கேட்டுச்சுங்க.”

“கேட்டும் நின்றார். அப்படியென்றால் கவனயீனம்தானே?”

நான் சொன்ன உண்மையையே எடுத்து அவன் கழுத்தில் மாட்டுகிறார்கள். மேசையைத் தட்டி ஏதோ பேச வாயெடுத்தேன். ஹாஜியார் என் தோளில் கை வைத்தார்.

“ஐயா, இங்க ஈந்து வெளங்காது. அந்த எடத்த ஒருக்கா பாத்துட்டு வாங்க” என்றார்.

ஐயா ஒன்றும் மோசமான மனிதரில்லை, எழுந்து வந்தார். வாசல்படி இறங்கும்போதே தூறல் பிடித்தது. அவ்வளவுதான், சுவரோரம் நின்ற ஒருவன் குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்தில் எடுபிடி வேலை செய்கிற சுப்பன் அவன். ஐயா நடக்க நடக்க அவனும் நடந்தான். ஓடைப் பள்ளத்தில் மரம் நின்றது, வரப்பு நின்றது. பெக்கோவும் எடுப்பார் இல்லாமல் அப்படியே நின்றது.

“துரை எங்கே நின்றார்?” என்று ஐயா கேட்டார். ஹாஜியார் கையைக் காட்டினார். ஐயா வரப்பில் ஏறி அந்த இடத்தில் நின்று பெக்கோவைப் பார்த்தார். சுப்பனும் ஏறி, சாரல் வருகிற பக்கமாக நின்றான்.

ஹாஜியார் மெதுவாகச் சொன்னார். “ஐயா, பக்கத்துல நிக்கிறவன் ஏன் அங்க நிக்கிறான் எண்டு அவனுக்கிட்ட கேளுங்க.”

ஐயா திரும்பினார். சுப்பன் இருப்பதையே அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். “நீ ஏன் இங்கே நிற்கிறாய்?”

சுப்பன் பயந்துபோனான். “நீங்க நிக்கிறீங்களேங்க, ஐயா” என்றான்.

ஐயா வரப்பை விட்டு இறங்கினார். பிறகு சுப்பன் கையிலிருந்த குடையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். சுப்பன் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு பின்னால் ஓடினான்.

முனியாண்டியின் பேரை வெட்டவில்லை. காம்பரா தப்பியது. சரஸ்வதி ஹாஜியார் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நீதி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவர் கொஞ்ச நாளில் இதைவிடப் பெரிய தோட்டத்துக்குப் போனார். குளமும் வந்தது, படகும் வந்தது. லயத்துப் பாதை மண்ணை ஆட்களே கூடையில் அள்ளினார்கள்.

முனியாண்டிக்கு லேசான வேலை கொடுத்தார்கள். பங்களா கேட்டில் காவல். வண்டி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். மழை பெய்தால் குடையை எடுத்துக்கொண்டு வண்டிக் கதவுக்குப் போக வேண்டும்.

இதைக் கேள்விப்பட்ட அன்று ஹாஜியார் கராஜைப் பகலிலேயே மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இன்று அவர் இல்லை. நான் இருக்கிறேன், கோபமும் என்னிடம் இருக்கிறது.

ஜெகனுக்கும் அவனோடு வேலை செய்கிறவர்களுக்கும் சொல்கிறேன். கட்டை, கப்பி, கம்பளி எல்லாம் உங்களுக்குத் தெரியும். கயிற்றை விறைக்க விடுவதற்கு முன்னால் குடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்பக்கம் ஒரு குடை இருந்தால் வின்சை நிறுத்துங்கள். சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். யார் துரை, யார் மந்திரி என்று பார்க்காதீர்கள். குடைக்குள் நிற்பவரிடம் பேசிப் பிரயோசனமில்லை, அவர் உங்கள் வேலையைப் பார்க்கச் சொல்வார். வெளியே நனைகிறவனிடமும் சொல்லிப் பிரயோசனமில்லை. அவனுக்குக் கேட்கும், ஆனால் வர முடியாது. உங்கள் கையில் இருப்பது வின்ச் மட்டும்தான். அதைச் சுற்றாதீர்கள்.

அந்தப் போன் படத்தைப் பார்த்த மறுநாள் முனியாண்டியைப் பார்க்கப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். கட்டைக்கால் சுவரில் சாய்ந்திருந்தது, அதற்குப் பக்கத்தில் குடை. தலை நரைத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே.

“இன்னும் ஆத்திரமா திரியிறியாமே. ஜெகன் சொன்னான்” என்றான்.

“உனக்கு இல்லையா?”

“இருக்கு. ஆனா ஒக்காந்தே வச்சுக்கிறேன். ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு எவ்வளவு நேரம்ணே கோவப்பட முடியும்?”

நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான். மழை தொடங்கியது. சொல்லி வைத்தாற்போல, திறந்து கிடந்த கேட்டு வழியாகப் புதுத் துரையின் வண்டி வந்து பங்களா வாசலில் நின்று ஹார்ன் அடித்தது. நான் குடையை எடுக்கக் கையை நீட்டினேன்.

“வையி அத” என்றான் முனியாண்டி. கட்டைக்காலை எடுத்தான். வெட்டிய காலில் துணியைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். “ரெண்டு காலு இருந்தப்ப ஓடுனேன். இப்ப என்னால ஆனது இவ்வளவுதான்.”

ஹார்ன் மறுபடி அடித்தது. வண்டிக் கதவு திறந்தது. துரை தலையில் கையை வைத்துக்கொண்டு பங்களாப் படியை நோக்கி மழையில் ஓடினார். முனியாண்டி கட்டைக்கால் வாரின் கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

“நனைஞ்சுட்டாரா?” என்றான்.